கட்டின் முதுகு

பக்கத்து அறை அக்கா, எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பாள். தட்டு கொடுத்தால் தட்டின் அடி. கடிதம் வந்தால் ஒட்டின பக்கம். என் அம்மா எனக்கு அனுப்பியிருந்த மாப்பிள்ளைப் படத்தைக்கூட, பையன் முகத்தைப் பார்க்கும் முன்னால் புரட்டிப் போட்டு, பின்னால் இருந்த ஸ்டூடியோ முத்திரையைத்தான் படித்தாள்.

"ஏட்டி, இந்தப் படம் எடுத்து நாலு வருசம் ஆச்சு. இப்பமும் அவனுக்கு மண்டைல முடி இருக்கான்னு கேட்டு எழுது."

கேட்டு எழுதினேன். பதிலே வரவில்லை.

ஜெர்மனியில், எர்லாங்கனில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டு மாடியில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். சமையலறை பொது. எழுபதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. நான் சென்னையிலிருந்து இயற்பியல் ஆய்வுக்கு வந்தவள். இருபத்து நான்கு வயது. சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே அதிலிருந்து குதித்துவிடுகிற ஜாதி. அக்கா பாளையங்கோட்டைக்காரி. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஊரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு வந்தவள். என் சோதனைக்கூடத்துத் தமிழ்ப் பையன்கள் அவளை 'வக்கீலம்மா' என்பார்கள். அவள் வக்கீல் இல்லை. அவளுடைய அப்பா வக்கீல் குமாஸ்தா. அவள் ஆராய்ச்சி செய்தது ஒரு வக்கீலைப் பற்றி. இந்த இரண்டும் போதாதா, பெயர் வைக்க?

அந்தப் பையன்களில் நாலு பேர், தங்கும் அனுமதியை நீட்டிக்கப் போய், விண்ணப்பத்தின் பின்பக்கம் கையெழுத்துப் போட மறந்து திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு எந்தத் தாள் வந்தாலும் எங்கள் சமையலறையில் வரிசையில் நிற்பார்கள். அக்கா ஒரு கையால் ரசம் கிண்டிக்கொண்டே மறு கையால் தாளைப் புரட்டுவாள். "முன்பக்கம் ஊருக்கு. பின்பக்கம் நமக்கு" என்பாள்.

அவளுடைய வக்கீல் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வக்கீல். ஆனால் பிறந்தது எங்கள் பக்கத்தில்தான். எர்லாங்கனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால், சுற்றிலும் கெண்டை மீன் வளர்க்கிற குளங்களாக ஒரு கிராமம் வரும். அங்கே பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறி, அமெரிக்காவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பத்திரங்களுக்குப் பிரதி எழுதி எழுதியே சட்டம் கற்று, வக்கீலாகி, பிறகு அந்த மாநிலத்துச் சட்டசபைக்கே உறுப்பினராகப் போனவன். அடுத்த தெருவில் குடியிருக்கிறவனைப் போலத்தான் அக்கா அவனைப் பற்றிப் பேசுவாள்.

"நம்மாளுக்கு மொத கேசு என்னன்னு நெனைக்கே? பன்னி! ஒருத்தன் பன்னி அடுத்தவன் வயல்ல சோளத்தத் தின்னுட்டு. பன்னிக்காரனுக்கு இவன் வக்கீல்."

"ஜெயிச்சாரா?"

"எங்க? தோத்துட்டான். ஆனாலும் பன்னிக்காரன் நல்லவன். பீசுக்குப் பதிலா ஒரு தொடையக் குடுத்துவிட்டிருக்கான். தங்கச்சிக்கு எழுதுதான் பாரு, 'கேஸ் தோற்றது, தொடை ருசியாக இருந்தது'ன்னு."

நீதிபதியும் வக்கீல்களும் குதிரையேறி ஊர் ஊராகப் போய் வழக்கு நடத்துகிற காலம் அது. சத்திரத்தில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். மறுநாள் காலை எதிர்த்து வாதாடப் போகிறவனோடு ஒரே போர்வைக்குள் படுத்துக்கிடந்ததை எல்லாம் அவன் தங்கைக்கு எழுதியிருந்தான். அக்கா அந்தப் பழைய ஜெர்மன் கையெழுத்தைத் தடவித் தடவிப் படித்து, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எனக்குச் சொல்வாள். எனக்கு அவன்மேல் ஒரு காதலே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவன் பேர் நின்றது பன்றியால் இல்லை. தெற்கிலிருந்து ஓர் அடிமைப் பெண், கைக்குழந்தையோடு ஆற்றைக் கடந்து அவன் ஊருக்குத் தப்பி வந்தாள். உடையவன் தேடிக்கொண்டு வந்துவிட்டான். இவள் என்னுடையவள்தான் என்று அவன் நிரூபித்துவிட்டால் ஒப்படைத்தே ஆகவேண்டும் என்பது அன்றைய சட்டம். வழக்கு நடந்தது. பெண் திருப்பி அனுப்பப்பட்டாள். பல வருஷம் கழித்து நம் வக்கீல் சட்டசபையில் எழுந்து, 'அந்தப் பெண்ணுக்காக நான் வாதாடித் தோற்றேன்' என்று சொல்லி அழுதான். அந்தப் பேச்சின் பலத்தில், கறுப்புக் குழந்தைகளும் பொதுப் பள்ளியில் உட்காரலாம் என்ற சட்டம் நிறைவேறியது. மீன்குளக் கிராமத்தில் ஒரு தெருவுக்கு அவன் பெயர். அக்காவின் ஆய்வேட்டில் நடு அத்தியாயம் இதுதான்.

அக்காவின் பேராசிரியருக்கு இந்த அத்தியாயம் உயிர். இது நின்றால் தன் துறையில் உதவியாளர் பதவி உண்டு என்று வாய்திறந்து சொல்லியிருந்தார். நிற்கவில்லையென்றால் மார்ச்சோடு உதவித்தொகை தீர்ந்தது; ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஊரில் அவள் விட்ட வேலையில் வேறொருத்தி உட்கார்ந்தாயிற்று.

"போனா அண்ணன் வீட்டு மாடிதான். மதினி வத்தல் காயப்போடுவா. நான் கம்ப வச்சிக்கிட்டுக் காக்கா வெரட்டணும். டாக்டர் காக்காவெரட்டி" என்று சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த வயதில் ஒரு பெண் ஒரே ஒரு பட்டத் தாளை நம்பிக் கடல் தாண்டியிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைக்கும்.

வக்கீல் செத்தபின் அவனுடைய தகரப் பெட்டி கிராமத்தில் தங்கையிடம் வந்து, கைமாறிக் கைமாறி, அந்தக் குடும்பத்து விதவை அம்மாள் ஒருத்தியிடம் இருந்தது. குளங்களும் அவளுடையவை. கடிதங்களை மட்டும் அக்காவுக்குக் காட்டினாள். பெட்டிக்குள் அடியில் கிடந்த ஆங்கிலக் கோர்ட்டுக் காகிதங்களை, அதெல்லாம் என்னத்துக்கு என்று எடுக்கவே விடவில்லை. பிப்ரவரியில் திடீரென்று கடிதம் போட்டாள்: அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர்கள் வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பெட்டி அவர்களோடு போகிறது, காகிதம் பார்க்கவேண்டுமானால் செவ்வாய்க்கிழமை வரலாம்.

திங்கட்கிழமை அக்கா பனிக்கட்டியில் சைக்கிளோடு வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு.

"நான் போறேன்கா! கேமரா இருக்கு, ஃபிலிம் இருக்கு, என்ன கவலை?" என்று குதித்தேன்.

போனேன். சோதனைக்கூடத்துக் கேமரா, மூன்று சுருள் ஃபிலிம். காகிதங்கள் மூன்றாக மடித்துச் சிவப்பு நாடாவால் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓரங்களில் அந்த அம்மாளின் மேசைக்கரண்டிகளை வைத்து அழுத்தி, படம் பிடித்தேன். இரண்டே மணி நேரம். தொண்ணூற்றுச் சொச்சம் தாள். மடிப்பின் வெளிப்பக்கத்தில் ஏதோ பெயர்கள் தெரிந்தன. கோப்புத் தலைப்புப் போல இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பின்னால் போய் நேரத்தை வீணாக்குவானேன்? மறுநாள் மதியம் பிரதிகள் அக்கா மடியில்.

முதல் படத்தை எடுத்தாள். பழக்க தோஷம், திருப்பினாள். வெள்ளைக் காகிதம். தன்னைத்தானே பார்த்துச் சிரித்துக்கொண்டாள். இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. சிரிப்பு நின்றது.

"முதுகு எங்கட்டி?"

"என்ன முதுகு?"

"கட்டுக்கு முதுகு. பின்பக்கம். எடுத்தியா, எடுக்கலையா?"

"அதுல ஒண்ணுமில்லக்கா. வெறும் பேருதான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "எங்கப்பா ராத்திரி பகலாக் கட்டுகளத் தூக்கிட்டு அலைஞ்சாரு. கேஸ் கட்டு எடுத்த உடன மொதல்ல முதுகப் பாக்கணும். எந்தக் கோர்ட்டு, யாரு வாதி, யாரு பிரதிவாதி, இந்தத் தாளு யாருக்காவத் தாக்கல் ஆகுது, எல்லாம் முதுகுலதான் எழுதிருக்கும். அங்கயும் மூணா மடிச்சிருக்கான்னா அதே கததான். ஊருதான் வேற. நீ மொகத்த மட்டும் வெட்டிக்கிட்டு வந்திருக்கே."

அந்தக் கட்டுகளில் அடிமைப் பெண்ணின் வழக்கைச் சேர்ந்தது ஒரே ஒரு தாள். சாட்சிகளிடம் கேட்க வக்கீல் தன் கையால் எழுதிவைத்த கேள்விகள். 'எந்தக் கதவு வழியாக வந்தாள்? குழந்தையை யார் தூக்கியிருந்தார்? இடது மணிக்கட்டில் தழும்பு இருந்ததா?' அக்கா அந்தக் கடைசிக் கேள்வியை வைத்து ஒரு பத்தியே எழுதினாள்: உடையவனின் கொடுமையை நீதிமன்றத்தின் கண்முன் நிறுத்தப் பார்த்த இளம் வக்கீல். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று கைகுலுக்கினாராம்.

"அதான் எல்லாம் சரியா இருக்கேக்கா. அடுத்த வெள்ளிக்கிழமைதானே கடைசி நாள், சப்மிட் பண்ணிடுங்க."

"முதுகு பாக்காம மாட்டேன்."

"ஒரு பேருக்காகவா?"

"ஒரு பேருக்காவத்தான்."

சனிக்கிழமை மறுபடி பஸ் ஏறினேன். எரிச்சலோடுதான்.

அந்த அம்மாள் கதவைத் திறந்து, "மறுபடியுமா, ஃப்ராய்லைன்? செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் எடுத்தீர்களே" என்றாள். பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி நடையில் வைத்திருந்தாள். ஒரே ஒரு தாள் என்று கெஞ்சினேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மாவில் புரட்டிய அரைக் கெண்டையை உள்ளே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து கயிற்றை அவிழ்த்தாள்.

"மீன் வேகும் வரைக்கும்தான். அதற்குமேல் இல்லை."

எண்ணெய்ச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டேயிருக்க, கட்டைப் புரட்டினேன். அவசரத்தில் நாடா முடிச்சு விழுந்துவிட்டது. கேள்வித் தாள் அடியில் இருந்தது. மடித்தேன். திருப்பினேன்.

பழுப்பு மையில் மேலே உடையவன் பெயர். நடுவில் 'எதிர்' என்ற சொல். கீழே அந்தப் பெண்ணின் பெயர், ஒற்றைப் பெயர், குடும்பப் பெயர் இல்லாமல். அதற்கும் கீழே: 'உரிமை கோருபவர் தரப்பு வக்கீல்'. பக்கத்தில் கையெழுத்து. வால் நீட்டிச் சுழித்த அதே கையெழுத்து. பன்றித் தொடை ருசியாக இருந்தது என்று எழுதிய அதே கை.

தாளை முன்பக்கம் திருப்பினேன். அதே கேள்விகள்தான். ஆனால் இப்போது வேறு வாய் கேட்டது. எந்தக் கதவு? குழந்தை யார் கையில்? இடது மணிக்கட்டில் தழும்பு இருந்ததா? கொடுமையைக் காட்டுவதற்கில்லை. அடையாளம் காட்டுவதற்கு. இது என் பொருள் என்று உடையவன் நிரூபிக்க, அவள் தழும்பையே சாட்சியாக்கியிருக்கிறான் நம்மாள்.

கேமரா கழுத்தில் தொங்கியது. ஃபிலிம் போட்டிருந்தது. விரல் பொத்தான்மேல் இருந்தது. அமுக்கினால் அத்தியாயம் போயிற்று, பதவி போயிற்று. அண்ணன் வீட்டு மாடி, கம்பு, காக்கை. அமுக்காவிட்டால் பெட்டி நாளைக்கு அமெரிக்கா போய்விடும்.

"என்ன இருக்கிறது?" என்றாள் அந்த அம்மாள், அடுப்பிலிருந்து.

"ஒன்றுமில்லை" என்றேன்.

நான் மடித்துக் கொடுக்க, அவள் பெட்டியில் வைத்துக் கயிற்றை இறுக்கினாள். "அங்கே அவரை எல்லாருக்கும் பிடிக்கும்" என்றாள் சந்தோஷமாக. பிறகு, காலொடிந்த டாக்டரம்மாவுக்கு என்று சொல்லி, சுடச்சுடப் பாதி மீனைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். பஸ்ஸில் அந்தச் சூடு மடியில் இருந்துகொண்டேயிருந்தது.

அக்கா மீனை வாங்கித் திருப்பினாள். "இந்தப் பக்கம் முள்ளு கம்மி. சரி, மீனுக்கு முதுகு இருக்கு. தாளுக்கு?"

"காலிக்கா."

"காலியா?"

"ஆமா. ஒண்ணுமே எழுதல. அதான் ஃபோட்டோ எடுக்கல."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு காரணத்தையும் அவளே கண்டுபிடித்துக் கொடுத்தாள். "கட்டுக்கு உள்தாளா இருந்திருக்கும். மேல்தாள்லதான எழுதுவான். நல்லதாப் போச்சு. வா, திம்போம்."

தின்றோம். அவள் அன்றைக்குப் பாடினாள்கூட, ஏதோ கோயில் பாட்டு, எங்கள் பக்கத்துக் கோயில் இல்லை, அவள் தேவாலயத்துப் பாட்டு. நான் தட்டில் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் ஐந்து நாள். நான் சோதனைக்கூடத்திலிருந்து சீக்கிரம் வரவே மாட்டேன். வந்தாலும் அறைக்குள் போய்விடுவேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அந்தப் பெண் செத்து நூறு வருஷம் இருக்கும். வக்கீல் செத்தான். பள்ளிக்கூடச் சட்டம் வந்தது, குழந்தைகள் படித்தார்கள். நல்லதுதானே நடந்தது? சுவருக்கு அந்தப் பக்கம் தட்டச்சு இயந்திரம் டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது பதில் சொல்வதுபோலக் கேட்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, சமையலறை மேசையில் கடைசிப் பக்கங்களை அடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

"இங்க வா. உம் பேரு எழுத்து சரியா இருக்கான்னு பாரு. ஒங்கப்பா இனிஷியல் மொதல்லயா கடைசிலயா?"

குனிந்து பார்த்தேன். அடிக்குறிப்பு. ஜெர்மனில், அவளுடைய சின்னச் சின்ன வாக்கியத்தில்: 'கேள்வித் தாளின் பின்பக்கம் வெறுமையானது. நேரில் பார்த்தவர்:' என்று எழுதி, என் பெயர்.

"என் பேர் எதுக்குக்கா?"

"பின்ன? நான் பாக்கலையே. பாத்தது நீதான. பாத்தவ பேரப் போடாம எப்படி எழுத?"

"வேணாம்கா."

"ஏன்? பெருமதானே? சென்னைக்கு ஒரு காப்பி அனுப்பு, ஒங்கம்மா பாக்கட்டும்."

"அக்கா, அது காலி இல்ல."

இயந்திரத்தின்மேல் இருந்த அவள் கை எழும்பவில்லை. சொல்லிவிட்டேன். பழுப்பு மை, உடையவன் பெயர், எதிர், ஒற்றைப் பெயர், உரிமை கோருபவர் தரப்பு, சுழித்த வால். தழும்பு எதற்கு என்பதையும் சொன்னேன். அழுகை வந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"எந்த மடிப்புல எழுதிருந்துது?"

"நடு மடிப்புல."

"முழுப் பேரா, எழுத்து மட்டுமா?"

"முழுப் பேர்."

"தரப்புங்கறது ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா, இல்ல நீயா நெனச்சுக்கிட்டியா?"

"தெரியும்கா. ரெண்டு தடவ படிச்சேன்."

"படம்?"

"எடுக்கல."

"பிலிம் இல்லையா, பட்டன அமுக்கலையா?"

"ஃபிலிம் இருந்துச்சு."

சமையலறை ஜன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தாளை இயந்திரத்திலிருந்து உருவினாள். நடுவில் கார்பன்கள் நழுவிக் கீழே விழுந்தன. நான் பொறுக்கக் குனிந்தேன்.

"தொடாத" என்றாள்.

"உங்களுக்காகத்தான்கா சொன்னேன்."

"அவனும் அந்த உடையவன்கிட்ட அப்படித்தான் சொல்லிருப்பான்."

பிறகு என்னைப் பாராமல் சொன்னாள்: "முதுகு காலின்னு நெனச்சு அஞ்சு நாளு நிம்மதியாத் தூங்கிட்டனே, ஏட்டி."

மறுநாள் காலை கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு பேராசிரியரைப் பார்க்கப் போனாள். என்னையும் வரச்சொன்னாள். வரச்சொன்னாள் என்பது மரியாதைக்கு, சாட்சிக்குக் கூட்டிப்போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனிதர்தான். மேசையைத் தட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை.

"படம் இல்லை. தாள் கடலைத் தாண்டிப் போய்விட்டது. பார்த்ததாகச் சொல்பவர் முதலில் இல்லை என்றார், இப்போது உண்டு என்கிறார். நீங்கள் குமாஸ்தாவின் மகள்தானே? உங்கள் நீதிமன்றத்தில் இந்தச் சாட்சி நிற்குமா?"

"நிற்காது" என்றாள் அக்கா.

"அப்படியென்றால் விட்டுவிடுங்கள். பின்பக்கத்தைப் பற்றி எதுவுமே எழுதாதீர்கள். பொய்யும் இல்லை, ஒன்றுமில்லை. இன்றைக்கே ஒப்படையுங்கள். மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்."

எனக்கு, ஒத்துக்கொள்ளுங்கள் அக்கா, ஒத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. எவ்வளவு அழகான வழி! நான் சொன்ன பொய்கூட இதில் காணாமல் போய்விடும்.

"ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டதே" என்றாள்.

இரண்டு வாரம் அவகாசம் கேட்டாள். கொடுத்தார். பதவியைப் பற்றி அப்புறம் அவர் பேசவேயில்லை. அமெரிக்க உறவுக்காரர்களுக்கு அக்கா மூன்று கடிதம் போட்டாள்; ஒன்றுக்கும் பதில் இல்லை.

அந்த இரண்டு வாரமும் அடுப்பில் இரண்டு பாத்திரம் தனித்தனியாகக் கொதித்தது. அவள் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. உப்பு வேணுமா, பால் வாங்கினியா, அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. நடு அத்தியாயத்தை அடியோடு பிரித்து எழுதினாள். ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் கேட்டேன்:

"அவன் பொய்யன்னு எழுதிட்டீங்களா?"

"அவன் பொய் சொன்னான்னு எழுதிருக்கேன். அந்தப் பொய்ய வச்சே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வாங்கிக் குடுத்தான்னும் எழுதிருக்கேன். ஒண்ண வச்சு ஒண்ண அழிக்கக் கூடாது. ரெண்டும் அவந்தான்."

"அந்தப் பொண்ணு?"

தட்டச்சுச் சத்தம் நின்றது. "அவளப் பத்தி எழுத ஒரு தழும்புதான் இருக்கு" என்றாள்.

பட்டம் கொடுத்தார்கள். இருப்பதிலேயே கடைசித் தரத்தில். ஜூனில் கிளம்பினாள். ரயில் நிலையத்துக்கு நான் மட்டும்தான் போயிருந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்கிறேன். வண்டி வரும் நேரம், என் தோளைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். என் சட்டைக் கழுத்தில் விரலை விட்டு எதையோ உள்ளே தள்ளினாள்.

"துணிக்கடைச் சீட்டு வெளிய தொங்குது. இப்படியேவா ஊரெல்லாம் சுத்துவே?"

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசினது. பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. முன்பக்கம் நட்சத்திரம். பின்பக்கம் விலாசம், கையெழுத்து, வேறு ஒன்றுமில்லை. விலாசம் அண்ணன் வீடுதான்.

அவளுடைய ஆய்வேடு அச்சாகிப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்திருப்பது எனக்குத் தெரியும். நாலு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. என் படிப்பு முடிந்து, பெட்டி கட்டி, மறுநாள் ஊருக்குக் கிளம்ப இருந்தபோதுதான் போனேன். வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முன்னுரையில் நன்றி சொல்லியிருந்தவர்கள் பட்டியலில் பேராசிரியர் இருந்தார், மீன்குளத்து அம்மாள் இருந்தாள். நான் இல்லை. சரி, நியாயம்தான் என்று மூடப் போனேன். பிறகு நடு அத்தியாயத்தைப் பிரித்தேன். கேள்வித் தாளைப் பற்றிய பக்கம். அடியில், பொடி எழுத்தில், அப்பா இனிஷியலோடு என் பெயர்.

'பின்பக்கக் குறிப்பை நேரில் பார்த்தவர் இவர் ஒருவரே. படம் எடுக்கவில்லை. முதல் நாள், தாள் வெறுமை என்றார். ஐந்து நாள் கழித்து, யாரும் வற்புறுத்தாமல், மேலே கண்டவாறு சொன்னார். பொய் சொல்லியிருந்தால் அவருக்கோ எனக்கோ கெடுதல் இல்லை; உண்மையால் இருவருக்கும் உண்டு. ஆகவே அவர் இரண்டாவதாகச் சொன்னதையே நான் நம்புகிறேன்.'